நோயாளி சொன்னதும் ஏடு எழுதியதும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நிறைவு விழாவில் ஒரு புலவரைப் பற்றியோ ஒரு காப்பியத்தைப் பற்றியோ பேசுவதுதான் மரபு. சென்னை மருத்துவக் கல்லூரியையும் அதனோடு இணைந்த அரசுப் பொது மருத்துவமனையையும் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று நான் தெரிவித்தபோது விழாக் குழுவினர் சற்றே தயங்கினார்கள், ஆனால் மறுக்கவில்லை. அப்பெருந்தன்மைக்கு என் நன்றி. மருத்துவமனையின் வரலாற்றில் தமிழாசிரியைக்கு என்ன வேலை என்று அவையிலும் சிலர் நினைக்கக்கூடும். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை நூல்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் மருத்துவ நூல்கள் சிலவும் என் கைக்கு வந்தன. உரைநடை வளர்ச்சிக்குச் சான்று தேடி அவற்றைப் புரட்டியவள் வேறொரு கேள்வியோடு எழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரி என்று நம் மக்கள் அழைக்கும் அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக நோய்கள் தமிழில் சொல்லப்பட்டன. எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். வாயிலிருந்து ஏட்டுக்குப் போகும் வழியில் எவை விடுபட்டுப் போயின? இக்கேள்வி மருத்துவர்களைக் காட்டிலும் கவிஞர்களுக்கு உரியது என்று கருதுகிறேன்.

முதலில் அந்த நிறுவனம் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1664ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், எட்வர்டு வின்டர் என்னும் கும்பெனி ஆளுநரின் முயற்சியால் சிறியதொரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. நோயுற்ற கும்பெனிச் சிப்பாய்களைக் கிடத்தி மருந்து கொடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அதன் நோக்கம். எலிகு யேல் ஆளுநராக இருந்தபோது, 1690இல், கோட்டைக்குள்ளேயே புதிய இடத்துக்கு மாறிற்று. பின்னர்ப் பிரெஞ்சுக்காரரோடு நடந்த போர்களின்போது இடம்விட்டு இடம் அலைந்து, 1772இல் கோட்டைக்கு வெளியே இன்றுள்ள நிலத்தில் நிலைகொண்டது.

இந்தத் தொடக்கத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மருத்துவமனையின் முதல் நோயாளிகள் ஆங்கிலம் பேசினார்கள். படுக்கையில் கிடந்தவனும் அவன் நாடியைப் பார்த்தவனும் ஒரே மொழிக்காரர்கள். நோயாளி சொன்னதை மருத்துவர் அப்படியே எழுதலாம். இடையில் மொழிபெயர்ப்பு என்ற ஒன்று தேவைப்படவில்லை. பின்னாளில் அதே கூடங்களுக்குள் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் வந்து நிறைந்தார்கள். ஆள் மாறியது; ஏட்டின் மொழி மாறவில்லை. யாரோ திட்டமிட்டுத் தமிழை வெளியே நிறுத்தியதாக நான் குற்றஞ்சாட்டவில்லை. கோட்டைக்குள் பிறந்த பழக்கம் கோட்டைக்கு வெளியே வந்த பின்னும் தொடர்ந்தது என்றே சொல்கிறேன்.

அந்தப் பழக்கம் கல்வியாக மாறிய நாள் 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2. மார்ட்டிமர் என்னும் மருத்துவர் தம் பொறுப்பில் நடத்திவந்த பயிற்சிக்கூடம் அன்றைய தினம் அரசின் மருத்துவப் பள்ளியாக ஆளுநர் பிரெடரிக் ஆடம் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. அவையோர் அந்தத் தேதியை மனத்தில் இருத்த வேண்டுகிறேன். இந்தியர்களுக்கு ஆங்கிலத்திலேயே கல்வி புகட்ட வேண்டும் என்று வாதிட்ட மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்பு கையெழுத்தானதும் அதே 1835 பிப்ரவரி 2ஆம் நாள்தான். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் அன்று. கல்கத்தாவில் எழுதியது அன்றைக்கே சென்னைக்கு எட்ட வழியும் இல்லை. ஆயினும் ஒரு காலத்தின் மனநிலை இரண்டு ஊர்களில் ஒரே நாளில் வெளிப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை. படைக்கும் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் உதவியாளர்களை ஆயத்தம் செய்வதே பள்ளியின் முதல் வேலை. 1842இல் இந்தியர் எல்லோருக்கும் கதவு திறக்கப்பட்டது என்று கல்லூரி வரலாறு குறிக்கும். 1850இல் அது கல்லூரியாயிற்று. 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. செங்கோட்டை என்று மாணவர்கள் அழைக்கும் உடற்கூற்றியல் கட்டடம் 1897இல் எழுந்தது. கட்டடங்களைப் பற்றி விரிக்கப் போவதில்லை. நிறுவன வரலாறு எழுதுவோர் அதனை ஏற்கெனவே வேண்டிய மட்டும் செய்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்யாதது நோயாளியின் சொல்லைப் பற்றிய வரலாறு.

அன்பர்களே, வலி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் மக்கள் காலம் தள்ளுவதில்லை. கட்டி பழுக்கும்போது விண்விண்ணென்று தெறிக்கிறது என்பார்கள். குடல் சுருண்டு நோகும்போது வயிற்றைப் பிசைகிறது என்பார்கள். நீர் பிரியும்போது கடுக்கிறது, புண் காந்துகிறது, நெஞ்சு கரிக்கிறது, பல் குடைகிறது, மூட்டு குத்துகிறது, நாளெல்லாம் நடந்த கால் உளைகிறது, உணர்ச்சி மங்கிய பாதம் மதமதவென்று இருக்கிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, முதுகில் சுருக்கென்று ஊசி ஏறுகிறது. இவை அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுப்பையும் வெவ்வேறு கேட்டையும் காட்டும் சொற்கள். விண்விண் என்றவனிடம் சீழ் இருக்கிறதா என்று தேட வேண்டும்; மதமத என்றவனிடம் நரம்பைச் சோதிக்க வேண்டும். இச்சொற்களைக் காத்துவந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத பெண்கள். இத்தனையும் சேர்ந்து நோயர் ஏட்டில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லாக உறைந்துவிடும்போது, இழப்பு இலக்கியத்துக்கு மட்டும் என்று நினைத்தால் அது தவறு. மருத்துவத்துக்கும் இழப்புத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். பணி முடிந்து பேருந்து பிடித்து மாலைதோறும் போவேன். சுற்றில் வந்த இளம் மருத்துவர் பொறுமைசாலி, குறைசொல்ல ஒன்றுமில்லை. "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். "வலி இல்லீங்க ஐயா, பாரம். ஈரத்துணிய மடிச்சு நெஞ்சு மேல வச்ச மாதிரி" என்றார் அம்மா. மருத்துவர் தலையசைத்து எழுதினார். அருகில் நின்ற செவிலியர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அம்மா வலின்னு சொல்லலை, பாரம்னுதான் சொல்றாங்க" என்றார். மருத்துவர் பேனாவை நிறுத்தினார். மீண்டும் கேட்டார்; படுத்தால் கூடுகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா என்றார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்ததை இங்குள்ளோர் அறிவீர்கள். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், உடனிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் நான்காவதாக வைத்தார். உரையாசிரியர்கள் அந்த நான்காமவனை ஏவலாளாகக் கண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் வரலாற்றில் அந்த நான்காமவர் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். டிரஸ்ஸர், கம்பவுண்டர், ஆயா, வார்டு பையன், செவிலியர் என்று பெயர்கள் மாறிவந்தன. ஆங்கிலேய மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழாக்கியும் நோயாளி தமிழில் சொன்னதை ஆங்கிலமாக்கியும் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கூடங்களில் நின்றிருப்பார்கள்! கல்லூரியின் முகப்பில் சிலைகள் உண்டு. தாமே விமானம் ஓட்டிச் சென்று நோயாளிகளைப் பார்த்த அறுவை வல்லுநர் ரங்காச்சாரிக்குச் சிலை உண்டு, தகுதியான மரியாதைதான். இடையில் நின்று மொழிபெயர்த்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அதற்கு நாம் கடல் கடந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊர்ப்புறத்தில் தங்காமல் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள் என்பதே அவர் கண்ட காரணம். பாடநூல் இல்லையென்று அவர் காத்திருக்கவில்லை. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தம் மாணவர்களின் துணையோடு அச்சேற்றினார். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைத்துக்கொள்வது என்று ஒரு நெறி வகுத்துக்கொண்டார். கெமிஸ்தம் என்ற தலைப்பே மூன்றாம் வழிக்குச் சான்று. தனித்தமிழ் அன்பர்களுக்கு அச்சொல் உவக்காது. எனக்கு அதில் ஒரு துணிவு தெரிகிறது. தூய சொல் கிடைக்கும் வரை பாடத்தை ஒத்திவைப்பது என்ற பேச்சே அவரிடம் இல்லை.

அவருக்குப் பின் அம்முயற்சி யாழ்ப்பாணத்தில் நீடிக்கவில்லை. பல்கலைக்கழகமும் அரசுப் பணமும் பின்னிற்கும் சென்னைக் கல்லூரியோ அதனைத் தொடங்கவே இல்லை. தனியொருவர் ஒரு சிற்றூரில் செய்ததை அத்தனை பெரிய நிறுவனத்தால் செய்ய முடியாமல் போனதா? முடியாமல் போனதன்று, தேவை என்று தோன்றவில்லை என்பதே என் துணிபு.

ஆனால் சென்னையிலும் ஒருவருக்குத் தோன்றியது. மதராஸ் மருத்துவத் துறையின் தலைமைப் பதவியில் இருந்த எட்வர்டு பால்பர். அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர் என்று நாம் அறிந்தவர்தான். கான்குவெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவரின் மகப்பேற்று நூலை அவரே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளைத் தம் சொந்தச் செலவில் அச்சிடுவித்தார். எல்லா நூல்களையும் விட்டு மகப்பேற்று நூலை ஏன் எடுத்தார்? அங்கேதான் சொல் முற்றிலும் அறுந்து கிடந்தது. வீட்டை விட்டு வெளிவராத பெண், ஆண் மருத்துவரிடம் தன் நோயைச் சொல்ல மாட்டாள், சொல்லாமலே இறந்துபோவாள். தொல்காப்பியர் பிணியை அழுகையில் வைக்காமல் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு உரிய நான்கனுள் ஒன்றாக வைத்தார். நோய் துன்பம் மட்டுமன்று, நாணமும் ஆகும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெண்ணுக்கு அந்த நாணம் இருமடங்கு.

சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவியாகிய மேரி ஷார்லீப் இப்பெண்களின் நிலையைக் கேள்விப்பட்டு, முதலில் மகப்பேற்றுப் பயிற்சி பெற்றார். பின்னர், பால்பரின் ஆதரவோடு, 1875இல் அவரும் வேறு மூன்று பெண்களும் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். உலகின் பல நாடுகளில் பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரி மூடியிருந்த காலம் அது. 1878இல் தேறிய ஷார்லீப் இலண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிவந்து, 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தோற்றுவித்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனையாக உள்ள அதனைச் சென்னை மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். கோஷா என்றால் திரைமறைவு. அந்தத் திரைக்குப் பின்னிருந்த பெண் முதன்முறையாக இன்னொரு பெண்ணிடம் தன் உடம்பைப் பற்றி வாய்திறந்தாள்.

இந்த இடத்தில் நம் வட்டத்திற்கு நெருக்கமான ஒரு செய்தி. 1878இல் இக்கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டிலேயே சிறப்பாகத் தேறி, உடல்நலம் குன்றியதால் படிப்பை விட்ட ஒரு மாணவி இருந்தார். கிருபாபாய் சத்தியநாதன். மருத்துவராக முடியாத அவர் நாவலாசிரியர் ஆனார். சகுணா, கமலா என்னும் அவருடைய ஆங்கில நாவல்கள் இந்தியப் பெண் எழுதிய முதல் நாவல்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. முப்பத்திரண்டு வயதில், 1894இல், மறைந்தார். வங்கத்திலிருந்து படிக்க வந்த அபலா தாசும், பின்னாளில் ஜகதீச சந்திர போசின் துணைவியார், நோயினால்தான் படிப்பைப் பாதியில் விட்டார். கல்லூரி வரலாறுகள் தேறியவர்களை எண்ணுகின்றன. தேறாமல் போனவர்களில் ஒருத்தி நமக்கு இலக்கியம் தந்தாள் என்பதை நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

1912இல் பட்டம் பெற்று வெளிவந்த புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக அவர் பேசியபோது எதிர்த்தரப்பில் சாத்திரமும் மரபும் பேசப்பட்டன. அவர் உடம்பைப் பற்றிப் பேசினார். அந்தத் துணிவை மருத்துவக் கல்லூரி தந்தது என்றே நான் நம்புகிறேன். அதே கல்லூரியில் கதர் அணிந்து வந்ததற்காகப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்று அவர் செய்த ஆய்வுகளின் பயனை இன்று புற்றுநோயாளிகள் பலர் நுகர்கிறார்கள். நிறுவனங்கள் எல்லா நேரத்திலும் தம் மாணவரை அறிந்துகொள்வதில்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1986. கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் ஆய்வு மாணவி நிர்மலாவிடம், எய்ட்ஸ் நோய் இந்நாட்டிலும் உண்டா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். அந்நோய் மேலைநாட்டாரின் ஒழுக்கக்கேடு, நமக்கு வராது என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்கள். நிர்மலா பெண்கள் காப்பகத்துக்குச் சென்று பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி எடுத்தார். எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, இரவு ரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தார். ஆறு மாதிரிகளில் நோய்க்கிருமிக்குச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்நோய் கண்டறியப்பட்ட முதல் நிகழ்ச்சி அது.

எதற்காகக் குருதி எடுக்கிறேன் என்று அப்பெண்களிடம் தாம் சொல்லவில்லை என்றும், சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு விளங்கியிராது என்றும் நிர்மலா பின்னாளில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகக் கூறினார். அவருடைய உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அந்த உழைப்பு எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆயினும் மொழியைத் தொழிலாகக் கொண்ட என்னால் அந்த வாக்கியத்தைக் கடந்து போக முடியவில்லை. 1835இல் தொடங்கிய கல்லூரி நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த பின்னும், ஒரு பெண்ணின் கையிலிருந்து குருதி எடுக்கும் காரணத்தை அவளுக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வழி இல்லாதிருந்தது. இளிவரலுக்கு மிகவும் ஆட்பட்ட அந்நோயைத் தமிழில் பேசும் முறை பிறகுதான் உருவாயிற்று. சுனிதி சாலமன் அவர்களே நோயாளிகளோடு அமர்ந்து பேசும் ஆலோசனைப் பணியைத் தொடங்கினார். 2015இல் மறையும் வரை அப்பணியில் இருந்தார்.

மக்கள் ஒருபோதும் சொல்லற்றவர்களாக இருந்ததில்லை. வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இன்றும் முதியோர் சொல்வார்கள். ஐதர் அலியின் போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்தது அது. ஆளுநர் ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதினார்கள். மக்கள் பஞ்சத்தை நினைவில் வைத்துக்கொண்டார்கள். பொது மருத்துவமனைக்கு 2011இல் ராஜீவ் காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் இன்றும் பெரிய ஆஸ்பத்திரி, ஜி.எச். என்றே சொல்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவரும் பணியில் இறங்கியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் ஆங்கில நூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ச்சொல் படைப்பது ஒரு பாதி. நோயாளியின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை மாணவனின் காதுக்குக் கொண்டுசேர்ப்பது மறுபாதி. அதற்குப் பாடநூல் எழுதத்தக்கவர்கள் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறீர்கள்.

இதை ஓர் உரிமையோடு சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். நம் வட்டத்தின் கூட்டங்களில் மருத்துவமனையைப் பாடும் கவிதைகள் பல கேட்டிருக்கிறேன். பினாயில் வாடை வருகிறது, வெள்ளைச் சுவர் வருகிறது, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ் வருகிறது. படுத்திருப்பவர் வாய் திறப்பதில்லை. அவருடைய துன்பத்தைக் கவிஞரே தம் நடையில் சொல்லிவிடுகிறார். ஏட்டில் ஆங்கிலம் செய்த வேலையை இங்கே நம் செந்தமிழ் செய்கிறது.

நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நோவைச் சொல்லும் சொற்களைக் கேட்ட இடத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். ஒருத்தி தனியாக எழுதினால் அது ஒரு வட்டாரத்தின் சொல்லாகவே நின்றுவிடும். நம் உறுப்பினர்கள் பல மாவட்டத்தவர்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்குப் பத்துச் சொல்லாவது கொண்டுவாருங்கள். அகராதியைப் பார்த்து வேண்டாம்; வீட்டிலுள்ள முதியவரிடம், சந்தையில் சுமை தூக்குபவரிடம், பேறு பார்த்த பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஊர், எந்த உறுப்பு, எப்போது அப்படிச் சொல்வார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். மருத்துவ நண்பர்கள் இருவர் அவற்றைப் பார்த்துத் தர இசைந்திருக்கிறார்கள்.